மகளைப் புனேக்குப் படிக்க அனுப்புவதை மஹ்ரம் சட்டம் தடுக்கிறதா?

கேள்வி: தாராவித் தாய்

அஸ்ஸலாமு அலைக்கும். மார்க்கம் கற்றவர்களும், சட்டம் அறிந்தவர்களும், பெண் பிள்ளைகளைப் படிக்கவைத்த அனுபவம் உள்ளவர்களும் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்ல வேண்டுகிறேன்.

என் கணவரின் பாட்டனார் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காகத் தாராவிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. மூத்த மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மாநில நுழைவுத்தேர்வு எழுதி, புனேயில் ஒரு கல்லூரியில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு இடம் பெற்றிருக்கிறாள். அவளுடைய மதிப்பெண்ணுக்கு மும்பையில் இடம் கிடைக்கவில்லை. கல்லூரி வளாகத்திலேயே பெண்கள் விடுதி இருக்கிறது. என் கணவருக்கு அனுப்புவதில் மனத்தடை எதுவும் இல்லை. அவருடைய அண்ணன், பிள்ளைகளுக்குப் பெரிய வாப்பா, கூடவே கூடாது என்கிறார். மஹ்ரமான ஆண் துணை (கணவனோ, மணமுடிக்கக் கூடாத நெருங்கிய உறவோ) இல்லாமல் ஒரு பெண் 48 மைலுக்கு மேல் பயணம் செய்வது ஹராம் (மார்க்கத்தில் தடுக்கப்பட்டது) என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் (உரையில்) சொன்னாராம். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, தாராவியிலிருந்து புனே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் என்று காட்டினார். அதற்குப் பிறகு பெரியவர்கள் யாரும் பேசவில்லை. என் மகள்தான், அவருடைய மகள் தினமும் லோக்கல் ரயிலில் கல்யாண் வரை தனியாகப் போய்வருவது எப்படிக் கூடும் என்று கேட்டாள். கல்யாண் எல்லைக்குள் வருகிறது, கர்ஜத் என்றால் வராது என்று அவர் பதில் சொன்னார்.

மார்க்கத்தை ஓரமாக வைத்துவிட்டு அனுப்புங்கள் என்ற யோசனை எனக்கு வேண்டாம். இதற்கு ஆதாரமான ஹதீஸ் (நபிமொழி) உண்மையில் எதைச் சொல்கிறது, மார்க்கச் சட்ட அறிஞர்களான இமாம்கள் எல்லோரும் அதை இப்படித்தான் புரிந்துகொண்டார்களா, பயணத்துக்கான சட்டம் விடுதியில் தங்குவதற்கும் பொருந்துமா என்பவைதான் என் கேள்விகள். எங்களுக்கு நாள் அதிகம் இல்லை.

பதில்: மீரா ரோடு பெரியவர்

வ அலைக்கும் ஸலாம், சகோதரி. நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) அல்லன். இளமையில் ஊரில் மதரஸாவில் கொஞ்சம் ஓதிவிட்டு, பிறகு இங்கே துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் மச்சான், அதாவது கணவரின் அண்ணன், இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. மஹ்ரம் இல்லாமல் பெண் பயணம் செய்யலாகாது என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) வழியாக வந்திருக்கிறது. நம் ஹனஃபி மத்ஹபில் (சட்ட மரபில்) மூன்று நாள் பயணத் தொலைவு என்பது எல்லை. அதையே நம் நாட்டு உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) 48 மைல், அதாவது 77 கிலோமீட்டர் சொச்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காலம் கெட்டுப்போனதால் ஒரு நாள் பயணமே வெறுக்கத்தக்கது என்று எழுதிய ஹனஃபி நூல்களும் உண்டு.

கல்யாணுக்கும் கர்ஜத்துக்கும் இடையே கோடு போடுவதைக் கேலி செய்வது எளிது. எந்தச் சட்டத்துக்கும் எங்கோ ஒரு கோடு வேண்டும். பதினெட்டு வயது நிறைய ஒரு நாள் குறைந்தாலும் ஓட்டு உரிமை கிடையாது, நிறைந்தால் உண்டு. ஒரே இரவில் அறிவு வந்துவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு இருக்கும் பெரிய கவலை வேறு. நமக்கு வேண்டிய முடிவை முதலில் எடுத்துவிட்டு, அதற்கு இசைவான கருத்தை எந்த மத்ஹபில் கிடைத்தாலும் எடுத்துக்கொள்வது என்று ஆரம்பித்தால், பிறகு மார்க்கம் என்று எதைச் சொல்வது? பெண் படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மகள் பட்டதாரி, மருமகளும் பட்டதாரி. ஓராண்டு காத்திருந்து மும்பையிலேயே இடம் தேடலாம் என்பதுதான் என் யோசனை.

பதில்: குர்லா ஆலிமா

வ அலைக்கும் ஸலாம். தமிழ்நாட்டில் ஒரு நிஸ்வான் (பெண்கள்) மதரஸாவில் ஓதிப் பட்டம் பெற்று, இப்போது குர்லாவில் பெண்களுக்கு ஓதிக் கொடுத்து வருகிறேன். பெரியவர் சொன்ன அச்சம் நியாயமானது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அதனாலேயே வெளியிலிருந்து எதையும் கொண்டுவராமல், அவர் நிற்கும் அதே இடத்தில் நின்று பதில் சொல்ல முயல்கிறேன்.

ஹதீஸ் ஒன்றாக வரவில்லை, பலவாக வருகிறது. இப்னு உமர் (ரலி) அறிவிப்பில் மூன்று நாள் பயணம். அபூஸயீத் (ரலி) அறிவிப்பில் இரண்டு நாள். அபூஹுரைரா (ரலி) அறிவிப்பில் ஒரு பகலும் ஓர் இரவும். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பில் நாள் கணக்கே இல்லை. இந்த நான்கிலும் மைல் இல்லை. அன்றைய ஒட்டக நடையை வைத்துப் பிற்கால அறிஞர்கள் போட்ட கணக்கு அது. ஒரு கோடு தேவை என்று பெரியவர் சொல்வது சரி. அந்தக் கோட்டைப் போட்டவர்கள் மனிதர்கள், காரணத்தோடு போட்டார்கள் என்பதும் சரி.

அந்தக் காரணம் என்ன என்பதில் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பை முழுவதுமாகப் படிக்க வேண்டும். பயான்களில் அதன் முதல் பாதிதான் பெரும்பாலும் வரும். மஹ்ரம் இல்லாமல் எந்தப் பெண்ணும் பயணம் செய்ய வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதும், ஒருவர் எழுந்து, தம் மனைவி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுவிட்டதாகவும், தம் பெயர் ஒரு போருக்குப் பதிவாகியிருப்பதாகவும் சொல்கிறார். அந்தப் பெண்ணைத் திருப்பி அழைத்து வாருங்கள் என்று நபியவர்கள் சொல்லவில்லை. நீர் போய் உம் மனைவியோடு ஹஜ் செய்யும் என்று சொன்னார்கள். படையில் பெயர் கொடுத்த ஓர் ஆண், படையை விட்டுவிட்டுத் துணைக்குப் போக வேண்டியதாயிற்று. சட்டத்தின் சுமை அங்கே ஆணின் தோளில் விழுந்தது. பெண்ணின் பயணம் நிற்கவில்லை. நம் வீடுகளில் இதே ஹதீஸ் சொல்லப்படும்போது ஆணின் வேலையில் ஒரு நாள் கூடக் குறைவதில்லை, பெண்ணின் பயணம்தான் ரத்தாகிறது. என் பார்வையில் இந்த விவாதத்தின் மையம் இதுதான். மஹ்ரம் வேண்டும் என்று சொல்பவர், அந்த மஹ்ரமாகப் போய்வரத் தாம் ஆயத்தமா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் மச்சான் உங்கள் மகளுக்குத் தந்தையின் உடன்பிறந்தவர், எனவே அவரும் மஹ்ரம்தான் என்பதை நினைவூட்டுங்கள்.

அடுத்து, எல்லா இமாம்களும் ஒரே கருத்தில் இருந்தார்களா என்று கேட்டீர்கள். இல்லை. கடமையான ஹஜ்ஜுக்கு நம்பகமான பெண்கள் கூட்டத்தோடு மஹ்ரம் இல்லாமல் போகலாம் என்பது ஷாஃபி மத்ஹபின் கருத்து. பாதுகாப்பான துணையோடு போகலாம் என்று மாலிகி மத்ஹபும் சொல்கிறது. கலீஃபா உமர் (ரலி) தம் கடைசி ஹஜ்ஜின்போது நபியவர்களின் மனைவியர் ஹஜ்ஜுக்குப் போக அனுமதி கொடுத்து, உஸ்மான் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) இருவரையும் உடன் அனுப்பியது புகாரியில் இருக்கிறது. வழிப்பறியைப் பற்றி ஒருவர் முறையிட்டபோது, ஹீரா நகரிலிருந்து ஒரு பெண் ஒட்டகப் பல்லக்கில் வந்து, அல்லாஹ்வைத் தவிர வேறு எவருக்கும் அஞ்சாமல் கஅபாவை வலம்வரும் காலம் வரும் என்று நபியவர்கள் அதீ பின் ஹாத்திமிடம் (ரலி) சொன்னதும், அதைத் தம் கண்ணால் பார்த்ததாக அதீ பிற்காலத்தில் சொன்னதும் அதே நூலில் உள்ளன. பயணத் தடைக்குக் காரணம் வழியின் ஆபத்து, ஆபத்து நீங்கினால் தடையும் தளரும் என்போர் இந்த ஹதீஸைக் காட்டுவார்கள். இது வருங்காலத்தைப் பற்றிய செய்தியே தவிர அனுமதி ஆகாது என்று மறுத்தவர்களும் பெரிய அறிஞர்களே. இரண்டு தரப்பையும் சொல்லாமல் ஒன்றை மட்டும் சொல்லி ஒரு பெண்ணின் படிப்பை முடித்துவைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்திய அரசு 2018 ஹஜ்ஜிலிருந்து, 45 வயதுக்கு மேற்பட்ட பெண்கள், தங்கள் மத்ஹப் அனுமதித்தால், குறைந்தது நான்கு பேராகச் சேர்ந்து மஹ்ரம் இல்லாமல் செல்லலாம் என்று விதியை மாற்றியதும் இந்தக் கருத்து வேறுபாட்டை ஏற்றுக்கொண்டுதான்.

இனி உங்களுடைய மூன்றாவது கேள்வி. ஹனஃபி மத்ஹபை விட்டு ஓர் அடி கூட நகராமலேயே இதற்கு விடை இருக்கிறது. ஓர் ஊருக்குப் போய் அங்கே பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்குவதாக நிய்யத் (எண்ணம்) வைத்தவர் அந்த ஊரில் முகீம் (தங்கி வாழ்பவர்) ஆகிவிடுகிறார், முஸாஃபிர் (பயணி) அல்லர், தொழுகையைக் கஸ்ர் செய்யாமல் (சுருக்காமல்) முழுமையாகத் தொழுகிறார். உங்கள் மகளை அவள் வாப்பா புனேயில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால், அவள் செய்த பயணம் மஹ்ரமோடு செய்த பயணம். அதற்குப் பிறகு விடுதியிலிருந்து வகுப்புக்கு நடப்பது பயணமே ஆகாது. விடுமுறைக்கு வரும்போதும் திரும்பும்போதும் வாப்பாவோ, பெரிய வாப்பாவோ, வயது வந்த தம்பியோ போய்வர வேண்டும். அவ்வளவுதான் சட்டத்தின் கேட்பு. விடுதியில் தங்குவதையே கூடாது என்று சொல்லும் முஃப்திகள் (மார்க்கச் சட்டக் கேள்விகளுக்குப் பதில் தரும் அறிஞர்கள்) இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதைப் பயண ஹதீஸிலிருந்து எடுப்பதில்லை, ஃபித்னா (ஒழுக்கச் சோதனை) ஏற்படும் என்ற அச்சத்திலிருந்து எடுக்கிறார்கள். அச்சம் என்பது நிலைமையைப் பொறுத்தது. எனவே நிலைமையை நேரில் போய்ப் பாருங்கள். காப்பாளர் பெண்ணா, இரவில் கதவடைக்கும் நேரம் எது, நோயென்றால் யார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவார்கள், நோன்பு மாதத்தில் ஸஹருக்கு (விடியலுக்கு முன்) உணவு கிடைக்குமா என்பதையெல்லாம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒன்று. நான் ஓதிய மதரஸா மும்பையிலிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒரு நாளைத் தாண்டிய பயணம். தாராவி, கோலிவாடா, குர்லா பகுதிகளிலிருந்து எத்தனையோ பெண் பிள்ளைகள் அங்கே விடுதியில் தங்கி ஓதினோம். வாப்பா கூலியை விட்டுவிட்டு வந்து என்னைச் சேர்த்துவிட்டுப் போவார். லீவுக்கு வந்து அழைத்துப்போவார். பெண் பிள்ளை விடுதியில் தங்குவது ஹராம் என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை. அதே ஏற்பாடு சட்டக் கல்லூரி என்றதும் ஹராம் ஆகிவிடுகிறது என்றால், பிரச்சினை தொலைவிலும் இல்லை, விடுதியிலும் இல்லை, படிப்பில் இருக்கிறது. அப்படியானால் படிப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம்.

ஆண்களே உங்களைச் சூழ்ந்துகொள்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாளை ஒதுக்குங்கள் என்று பெண்கள் நபியவர்களிடம் கேட்டுப் பெற்றது புகாரியில் இருக்கிறது. ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண். பதினோராம் நூற்றாண்டில் மக்காவில் புகாரி நூலை அறிவிப்பாளர் தொடரோடு கற்பித்த கரீமா அல்மர்வஸிய்யாவிடம் பக்தாதின் பெரிய வரலாற்றாசிரியர் கத்தீப் போய்ப் பாடம் கேட்டார். பெண்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்காதீர்கள் என்று ஒரு செய்தியும் நெடுங்காலம் புழங்கியது. அது இட்டுக்கட்டப்பட்டது என்று ஹதீஸ் கலை அறிஞர்களே ஒதுக்கினார்கள். ஆக, தடுத்த செய்தியும் மார்க்கத்தின் பெயரால் வந்தது, அதைத் தள்ளியதும் மார்க்கக் கல்விதான்.

ஆப்கானிஸ்தானில் 2022 டிசம்பரில் பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தை மூடியபோது அங்குள்ள உயர்கல்வி அமைச்சர் சொன்ன காரணங்களில், மாணவிகள் மஹ்ரம் இல்லாமல் மாகாணங்களிலிருந்து வருகிறார்கள், விடுதியில் தங்குகிறார்கள் என்பவையும் இருந்தன. அந்தத் தடை ஷரீஅத்துக்கு முரணானது என்று கெய்ரோவின் அல்அஸ்ஹர் மார்க்கக் கல்வி நிறுவனத்தின் தலைவர் அஹ்மத் அத்தய்யிப் உடனே அறிவித்தார். இருவரும் ஓதுவது ஒரே குர்ஆனைத்தான். உங்கள் மச்சானைத் தாலிபானோடு ஒப்பிடுவதாக நினைக்க வேண்டாம். அவர் அன்பினால் பயப்படுகிறார். ஆனால் அதே வாதம் நாட்டளவில் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை நாம் கண்ணால் பார்த்துவிட்டோம்.

பதில்: செம்பூர் வழக்கறிஞர்

வணக்கம் அம்மா. நான் முஸ்லிம் அல்ல, எனவே ஹதீஸில் தலையிட மாட்டேன். சட்டத்தின் நிலை சுருக்கமானது. உங்கள் மகளுக்குப் பதினெட்டு நிறைந்திருந்தால் எங்கே படிப்பது என்பது அவளுடைய முடிவு. ஃபத்வா ஓர் அறிஞரின் கருத்து மட்டுமே, அதை யார் மீதும் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் இதையெல்லாம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் எடுத்துப் பேசினால் வீடு உடையுமே தவிரக் கேள்வி தீராது.

நீதிமன்றம் மார்க்கத்தை வாசிக்க இறங்கும்போது என்ன நடக்கிறது என்பதை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். ஹாஜி அலி தர்காவின் உட்பகுதிக்குள் பெண்கள் போகக் கூடாது என்ற தடையை 2016 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் நீக்கியது. ஆண் இறைநேசரின் அடக்கத்தலத்துக்கு அருகே பெண் போவது பெரும் பாவம் என்று அறக்கட்டளை வாதிட்டது. ஆனால் வழக்குத் தொடுத்த முஸ்லிம் பெண்கள், சில ஆண்டுகளுக்கு முன்பு வரை தாங்களே உள்ளே போய்வந்ததை எடுத்துக்காட்டினார்கள். தொன்மையான விதி என்று சொல்லப்பட்ட தடை, உண்மையில் அண்மையில் வந்தது. யாராவது ஒரு விதியைச் சொல்லும்போது, இது எப்போதிலிருந்து என்று கேட்டுப் பாருங்கள். என் தொழிலில் பாதி வழக்குகள் அந்த ஒரு கேள்வியில்தான் திரும்பும்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத பகுதி அல்ல என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள், இறுதி முடிவு வரவில்லை. இடையில் தேர்வுகளைத் தவறவிட்டவர்கள் மாணவிகள். இதே செம்பூரில் ஒரு கல்லூரி ஹிஜாபுக்கும் தொப்பிக்கும் தடை போட்டு, 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை ஏற்க, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வீட்டிலிருந்து போகாதே என்று ஒரு குரல், கல்லூரி வாசலில் இப்படி வராதே என்று இன்னொரு குரல். இரண்டும் அவளுடைய நன்மைக்கே என்றுதான் சொல்கின்றன. புனேக் கல்லூரியின் உடை விதியை, பணம் கட்டுவதற்கு முன்பு எழுத்தில் வாங்கிப் படித்துவிடுங்கள்.

பதில்: மாட்டுங்கா ஆசிரியை (ஓய்வு)

தாராவிப் பள்ளிகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். பத்தாம் வகுப்போடு நின்றுபோன பெண் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பேசியிருக்கிறேன். முஸ்லிம் வீட்டில் மார்க்கம் என்பார்கள், எங்கள் இந்து வீடுகளில் ஊர் என்ன சொல்லும் என்பார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து டீ குடித்தால் இரண்டு வீட்டிலும் ஒரே உண்மை வெளியே வரும். பணம், தூரம், கல்யாணம். இந்திய முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்து 2006இல் வந்த சச்சார் குழுவின் அறிக்கையும் அருகில் பெண்கள் பள்ளி இல்லாததையும், பெண்கள் விடுதி இல்லாததையும், ஆசிரியைகள் குறைவாக இருப்பதையும்தான் தடைகளாக எழுதியது. பள்ளி வயது முஸ்லிம் குழந்தைகளில் மதரஸாவில் மட்டும் படிப்பவர்கள் 3 சதவீதம் அளவே என்றும் அது சொன்னது. எனவே உங்கள் வீட்டிலும், கட்டணமும் விடுதிச் செலவும் ஐந்து ஆண்டுக்கு எவ்வளவு என்ற கணக்கை யாராவது வாய்விட்டுக் கேட்டார்களா என்று பாருங்கள். கேட்காத கணக்குதான் பல இடங்களில் மார்க்கமாகவும் சாத்திரமாகவும் உருமாறி வருகிறது.

எங்கள் பக்கத்திலும் இதே கதைதான். பெண் வேதம் ஓதக் கூடாது என்று சாத்திரம் காட்டினார்கள். அதே சாத்திர மரபில், வேதம் ஓதும் பிரம்மவாதினி என்று ஒரு வகைப் பெண்களைச் சாத்திர ஆசிரியர் ஹாரீதர் சொல்லியிருப்பதும், உபநிடதத்தில் கார்க்கி சபை நடுவே யாக்ஞவல்கியரைக் கேள்வி கேட்பதும் இருக்கின்றன. 1848இல் சாவித்ரிபாய் புலே பெண்களுக்குக் கற்பிக்க நடந்து போனபோது சாணியை எறிந்ததும் அதே புனேயில்தான், இன்று ஞான பிரபோதினி என்ற அமைப்பு பெண்களுக்குப் புரோகிதப் பயிற்சி கொடுப்பதும் அதே புனேயில்தான். நூல் மாறவில்லை, படிப்பவர்களில் பெண்களும் சேர்ந்தார்கள்.

பதில்: மீரா ரோடு பெரியவர்

ஆலிமா அவர்கள் முகீம் பற்றிச் சொன்னது ஃபிக்ஹில் (மார்க்கச் சட்டத்தில்) உள்ளதுதான், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நடைமுறையில் என்ன ஆகும் என்பதையும் பேச வேண்டும். முதல் இரண்டு விடுமுறைக்கு வாப்பா போவார். மூன்றாவது விடுமுறையில் தோழிகளோடு டெக்கான் குயின் ரயிலில் வந்துவிடுகிறேன் என்று பிள்ளை சொல்லும். அப்போது ஷாஃபியில் இடம் இருக்கிறது என்பீர்களா? அதுவும் அவர்கள் சொன்னது கடமையான ஹஜ்ஜுக்குத்தானே, கல்லூரி விடுமுறைக்கு அல்லவே. நான் முதலில் கேட்டது இதைத்தான்.

பதில்: குர்லா ஆலிமா

பெரியவரின் கேள்வி சரியான இடத்தில் விழுகிறது. தன் வசதிக்காக மத்ஹப் விட்டு மத்ஹப் தாவுவதை நானும் ஏற்கவில்லை. ஆனால் தேவை ஏற்படும்போது வேறு மத்ஹபின் கருத்தை உலமாக்களே ஆய்ந்து எடுத்துக்கொள்வது ஹனஃபி மரபில் உள்ள வழிதான். இதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. கணவன் காணாமல் போனாலும், கைவிட்டாலும், ஹனஃபிச் சட்டப்படி மனைவிக்கு விடுதலை கிடைப்பது அரிதாக இருந்தது. அந்தத் தளையிலிருந்து விடுபட மதம் மாறிய பெண்களும் இருந்தார்கள். அதைப் பார்த்து, பழமையில் உறுதியானவர் என்று பெயர் பெற்ற மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி, மாலிகி அறிஞர்களிடம் கருத்துக் கேட்டு, அவர்களின் சட்டத்தை இந்தியப் பெண்களுக்காக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் அந்த முயற்சியின் தொடர்ச்சியாக வந்தது. அது வசதிக்காகத் தாவியது அல்ல. பெண்ணின் துயரத்தை ஒரு தேவையாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் அதில் முக்கியமானது. ஒரு பெண்ணின் கல்வி நின்றுபோவதை இன்றைய முஃப்திகள் அப்படிப்பட்ட தேவையாகக் கருதுவார்களா என்பதுதான் கேள்வி. சிலர் கருதுகிறார்கள், சிலர் இல்லை.

டெக்கான் குயின் பற்றி: ஹனஃபியாக இருக்க விரும்பும் வரை வாப்பாவோ தம்பியோ போகத்தான் வேண்டும். அதில் நான் தளர்வு சொல்ல மாட்டேன். காலையில் போய் மாலையில் திரும்பும் தொலைவுதான். ஆண்டுக்குச் சில முறை ஒரு நாள் சம்பளம் போகும். இப்னு அப்பாஸ் (ரலி) ஹதீஸில் அந்த மனிதர் விட்டது அதைவிடப் பெரியது.

சகோதரிக்கு ஒரு யோசனை. பயானில் பொதுவாகச் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல், எழுத்து வடிவில் கேள்வியைக் கொடுத்துப் பதில் கேளுங்கள். பெண் வெளியூரில் தனியாகப் படிக்கலாமா என்று கேட்டால் கூடாது என்ற பதில்தான் வரும். உங்கள் வீட்டு நிலைமை எதுவோ அதை அப்படியே எழுதுங்கள்.

பதில்: தாராவித் தாய்

எல்லோருக்கும் அல்லாஹ் நற்கூலி தரட்டும். ஆசிரியை அம்மா சொன்ன கணக்கை நேற்று என் கணவரிடம் கேட்டேன். அண்ணனிடம் வாங்கிய கடன் ஒன்று பாக்கி இருப்பதும், அதைத் தீர்க்காமல் விடுதிக்குப் பணம் கட்டுவது அண்ணனுக்கு வருத்தம் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதை அவர்கள் இருவரும் தனியாகப் பேசிக்கொள்வார்கள். ஹதீஸின் இரண்டாம் பாதியை மச்சானிடம் வாசித்துக் காட்டினேன். எந்த நூலில் எந்தப் பாடத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டார், வேறொன்றும் சொல்லவில்லை.

ஹஜ்ரத்திடம் கொடுக்க என் கணவர் எழுதியிருப்பது இது: "என் மகள் புனேயில் ஐந்தாண்டுகள் தங்கிப் படிக்க வேண்டும். நானே அழைத்துச் சென்று விடுவேன். ஒவ்வொரு விடுமுறைக்கும் நானோ என் அண்ணனோ சென்று அழைத்து வருவோம். பெண்களுக்கு மட்டுமான விடுதி, காப்பாளர் பெண். மும்பையில் முயன்றும் இடம் கிடைக்கவில்லை. ஹனஃபி மத்ஹபின்படி இது கூடுமா? கூடாது என்றால், பயணத்தின் காரணமாகவா, தங்குவதன் காரணமாகவா என்பதைத் தெரிவிக்கவும்." இதில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா?

பதில்: மீரா ரோடு பெரியவர்

நன்றாக எழுதியிருக்கிறார். இரண்டு வரி சேருங்கள். விடுதியில் இரவு கதவடைக்கும் நேரத்தையும், அவசரத்துக்குப் புனேயில் உறவினரோ தெரிந்த குடும்பமோ யார் இருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள்; முஃப்தி முதலில் கேட்பது அதைத்தான். "நானோ என் அண்ணனோ" என்று போட்டிருப்பதால், கொடுப்பதற்கு முன்பு அண்ணனிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.